காலைச் சொதப்பல்

நத்தை எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார், காற்புள்ளிக்கு மட்டும் சொல்லவில்லை. ஏன் என்று எப்படிப் புரட்டிப் பார்த்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.

கோபம் என்றால் அவளை 'பிளாக்' செய்து தடுத்திருக்கலாம். அதற்கென்றே ஒரு பட்டன் இருக்கிறது. அமுக்கிவிட்டால் இவள் எழுதுவது அவருக்குப் போகாது, அவர் எழுதுவது இவளுக்கு வராது, விவகாரம் முடிந்தது. ஆனால் அவர் எழுதுவதெல்லாம் வந்துகொண்டிருந்ததே! காலை வணக்கம் வந்தது. விசைப்பலகை மேல் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுக்கும் பூனையின் படம் வந்தது. 'டெஸ்ட் ஓடுது, நான் டீ போடப் போறேன்' என்ற தகவல்கூட வந்தது. இவள் எழுதிய பதில்கள் மட்டும் கிணற்றில் போட்ட கல்.

காற்புள்ளி என்பது இணையத்தில் நண்பர்கள் நடுவே அவளுக்கு ஒட்டிக்கொண்ட பெயர். லிஃப்டுகளுக்கு மென்பொருள் எழுதும் நிறுவனத்தில் வேலை. சேர்ந்த புதிதில் ஒரே ஒரு காற்புள்ளியை விட்டுவிட்டாள். சோதனைக்கூடத்து லிஃப்ட் எந்த மாடியை அமுக்கினாலும் தரைத்தளத்துக்கு வந்து பணிவாகக் கதவைத் திறந்தது. அதை அவளே ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரித்தாள். நத்தை, நூலகங்களுக்குத் தேடல் நிரல் எழுதுகிறவர். அவருடைய சர்வர் மூடி உடைந்த பழைய மடிக்கணினி ஒன்றில் ஓடியது. அதில் ஒரு படம் திறப்பதற்குள் அரை டம்ளர் டீ குடித்துவிடலாம். அதனால் நத்தை. இருவரும் நேரில் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை. ஆனால் பல வருடங்களாக, பல் தேய்த்ததும் முதலில் பேசிக்கொள்வது இவர்கள்தான்.

அவர்கள் கூடும் இடம் ஒரு கம்பெனி நடத்தும் சமூக வலைத்தளம் அல்ல. அதைக் கொஞ்சம் விளக்கிவிட்டால் மற்றதெல்லாம் எளிது. அங்கே ஒவ்வொருவரும் சொந்த வீட்டுக்காரர், அல்லது நண்பர் வீட்டில் ஓர் அறையில் இருப்பவர். வீடு என்றால் சர்வர். உங்கள் வீட்டில் உட்கார்ந்து நீங்கள் ஒரு வரி எழுதினால், உங்கள் சர்வர் அதைப் பிரதி எடுத்துக்கொண்டு, உங்களைப் பின்தொடர்கிறவர்களின் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டு வரும். நடுவில் தலைமை அலுவலகம் கிடையாது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஏதாவது கெட்டுப்போனால் போய்ச் சண்டை போடவும் ஆள் இல்லை.

காற்புள்ளியின் வீட்டில் அந்த சர்வர், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்னக் கணினி. வாசலுக்குப் பக்கத்துச் செருப்பு அலமாரியின் மேல்தட்டில், ரவுட்டரை ஒட்டி, ஒரு ஜோடி மழைக்காலக் காலணிக்கு நடுவே உட்கார்ந்திருந்தது. அதனால் அந்த சர்வருக்கே 'அலமாரி' என்று பெயர் வைத்திருந்தாள். நத்தையின் சர்வருக்குப் பெயர் 'கூடு'. மற்றவர்களைப் போல் எங்கேயோ கிடைக்கும் நிரலை எடுத்துப் போட்டுக்கொள்ளாமல், கூட்டின் நிரல் மொத்தத்தையும் அவரே எழுதியிருந்தார். இன்னும் இரண்டு நண்பர்கள் அவரிடம் அதைக் கேட்டு வாங்கித் தங்கள் வீடுகளிலும் ஓட்டினார்கள்.

இந்த இருவரும் சேர்ந்து தொடங்கிய வழக்கம்தான் காலைச் சொதப்பல். நேற்று வேலையில் நீங்கள் செய்த மடத்தனத்தை ஒரு வரியில் எழுத வேண்டும். பதில் போடுகிறவர் தன் மடத்தனத்தைச் சொல்ல வேண்டும், அல்லது கிண்டல் செய்யலாம். 'இப்படிப் பண்ணியிருக்கலாமே' என்று அறிவுரை சொன்னால் மட்டும் குற்றம். அபராதம், ஒரு பூனைப் படம். சொந்தப் பூனை இல்லாதவர்கள் தெருவில் இறங்கித் தேடத்தான் வேண்டும்.

சங்கடம் தொடங்கிய நாளில் நத்தை எழுதியது இது: 'ஒரு ஃபோல்டர்ல கோடைத் திருத்திக்கிட்டே இருந்தேன். இன்னொரு ஃபோல்டர்ல இருக்கறதை ஓட்டிக்கிட்டே இருந்தேன். சாயங்காலம் வரைக்கும்.'

காற்புள்ளி அன்று வீட்டுக்கு வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் எழுதினாள்: 'நத்தையாரே, கூட்டை முதுகுல சுமந்துக்கிட்டே என் கூடு எங்கேன்னு தேடின முதல் நத்தை நீங்கதான்.'

பதில் இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாள்தான் அவளுக்குச் சுருக்கென்றது: அந்த வாரம்தான் அவர், புதிதாக வந்த மேலாளர் தன்னை 'ரொம்ப ஸ்லோ' என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டதாக எழுதியிருந்தார். அப்படிப்பட்டவரிடம் போய் நத்தை, கூடு என்று நீட்டி முழக்கியிருக்கிறோமே!

மன்னிப்புக் கேட்டாள். பதில் இல்லை. கொஞ்சம் நீளமாக மன்னிப்புக் கேட்டாள். அவர் பூனைப் படம் போட்டார். கூட்டின் நிரலை வாங்கி ஓட்டிய அந்த இரண்டு நண்பர்களும்கூட இவளிடம் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். 'சரிதான், அவர் பக்கம் சேர்ந்தாச்சு' என்று அவள் முடிவு கட்டினாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆபீஸில் யார் எந்தக் கோளாறு என்று வந்து நின்றாலும், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "லாக்ல என்ன இருக்கு?" என்று கேட்கிறவள் அவள். சர்வர் தான் செய்ததையெல்லாம் வரி வரியாகக் குறித்துவைக்கும் இடம் லாக். லிஃப்ட் நின்றால் லாக். காபி இயந்திரம் நின்றால், அதற்கு லாக் இல்லையே என்று குறை. அப்பேர்ப்பட்டவள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் லாகைப் பார்க்காமல் மனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நல்லவேளையாகப் பல்லி பேசிக்கொண்டிருந்தாள். பல்லி, செயலிகளுக்குத் திரை வடிவமைக்கும் சின்னப் பெண். எந்த உரையாடலிலும் சுவரோடு ஒட்டிக்கொண்டு கேட்டிருந்து, பொருத்தமான இடத்தில் 'ச்ச்ச்' என்று ஒரு வார்த்தை போடுவாள். இன்னொரு வீட்டில் இருந்தாள். அவளுக்குக் காற்புள்ளி எழுதுவதெல்லாம் ஒழுங்காகப் போனது.

ஒரு நாள் பல்லி எழுதினாள்: 'அக்கா, நீங்க போட்ட பதிவுல இருக்கற மணி இன்னும் வரவே இல்லை. எதிர்காலத்துலேர்ந்து பேசறீங்களா? அப்படின்னா என் டெமோ நாளைக்கு ஓடுமான்னு சொல்லிடுங்க.'

'ஓடாது' என்று காற்புள்ளி பதில் போட்டாள். சிரித்தாள். மறந்துவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் பல்லி தனியாக ஒரு செய்தி அனுப்பினாள்.

'அக்கா, உடம்பு நல்லா இருக்கீங்களா?'

'எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். ஏன்?'

'நத்தை சார் என்கிட்ட ரகசியமா விசாரிச்சார். உங்ககிட்டேர்ந்து ஒரு வார்த்தைகூட வரலையாம். தான் எதையாவது தப்பாச் சொல்லி நீங்க கோவிச்சுக்கிட்டீங்களோன்னு மனுஷன் நொந்து நூலாப் போயிருக்கார்.'

காற்புள்ளி இருந்த இடத்திலேயே எழுந்து நின்றுவிட்டாள். 'நான் தினமும் கரடியாக் கத்திக்கிட்டு இருக்கேனே! நீ பாக்கலை?'

'நான் பாக்கறேன். அவருக்குத்தான் தெரியலை. நான் சொல்லிடட்டுமா?'

'உடனே சொல்லு தாயே.'

பல்லி சொன்னாள். விஷயம் அதோடு நல்லபடி முடிந்திருக்க வேண்டும். ஆனால் கொஞ்ச நேரத்தில் நத்தை எல்லோருக்கும் பொதுவாக ஒரு பதிவு போட்டார்:

'நண்பர்களே, கோளாறு என் கூட்டுலதான். காற்புள்ளி பேசறது மத்த வீடுகளுக்கெல்லாம் போகுது. என் நிரல் ஓடற மூணு வீட்டுக்கு மட்டும் வரலை. அப்படின்னா தப்பு யார்கிட்ட? கையெழுத்து பாக்கற பகுதியை ரெண்டு தடவை படிச்சுட்டேன், எனக்குப் புரியலை. நான் எழுதினதை நானே சரிபண்ண முடியலைன்னா அதுல உங்களை உக்கார வைக்கறது நியாயம் இல்லை. நாளைக்குக் காலைச் சொதப்பல் முடிஞ்சதும் கூட்டை மூடிடறேன். அந்த மேலாளர் சொன்னது சரிதான் போல.'

கடைசி வரியைக் காற்புள்ளி மறுபடி படித்தாள். நல்ல நிரல் அது. மெதுவாக ஓடும், அவ்வளவுதான்; ஓடாமல் இருக்காது. அவர் பல வருடம் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்து எழுதியது. ஒரு கோளாறுக்கும் ஒரு மேலாளருக்கும் சேர்த்து அதைக் குப்பையில் போடப் போகிறார்.

இப்போதுதான் அவள் லாகைத் திறந்தாள்.

அலமாரியின் லாகில், கூட்டுக்கும் அந்த இரண்டு நண்பர்களின் வீடுகளுக்கும் நேராக ஒரே பதில் வரிசை கட்டி நின்றது: கையெழுத்து செல்லாது. கையெழுத்து செல்லாது. கையெழுத்து செல்லாது.

ஒரு சர்வர் இன்னொன்றின் கதவைத் தட்டும்போது சும்மா தட்டுவதில்லை. கொண்டுபோகும் கடிதத்தின்மேல் கையெழுத்து இருக்க வேண்டும். அதை இடுவதற்கு ஒரு ரகசியச் சாவி. அது இவள் வீட்டை விட்டு வெளியே போகாது. அந்தக் கையெழுத்து இவளுடையதுதானா என்று சரிபார்க்க ஒரு ஜோடிச் சாவி. அது எல்லோருக்கும் பொது. ஜோடி பொருந்தினால் கடிதம் உள்ளே போகும், இல்லையென்றால் வாசலோடு திரும்பும். யாரோ ஒருவர் 'நான்தான் காற்புள்ளி' என்று சொல்லிக்கொண்டு வந்து எழுதிவிட முடியாதது இதனால்தான்.

சாவிகளைச் சோதித்தாள். பொருந்தின. ஒரு கடிதத்தைத் தானே கையெழுத்திட்டுத் தானே சரிபார்த்தாள். செல்லும் என்றது. பல்லியின் வீடும் செல்லும் என்றது. கூடு மட்டும் செல்லாது என்றது. அவள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவள் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். மணிதான் அவருக்கு உயிர். "நான் ஒரு நிமிஷம் லேட்னா நாப்பது பேர் ஒரு நிமிஷம் லேட்" என்பார். வீட்டுக் கடிகாரங்கள் எல்லாவற்றையும் பத்து நிமிடம் முன்தள்ளி வைப்பது கல்யாணமான நாளிலிருந்து அவர் வழக்கம். அது காற்புள்ளிக்காகத்தான், ஏனென்றால் அவள் எதற்குமே பத்து நிமிடம் பிந்துகிறவள். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள்தான் பதறுவார்கள். அவள் கண் தானாகவே பத்தைக் கழித்துப் படிக்கப் பழகிவிட்டது.

ஞாயிறு காலை அவர் சீருடை மாட்டிக்கொண்டே சாப்பாட்டு மேசையைத் தாண்டினார். அவள் மடிக்கணினிக்கு முன்னால் அப்படியே இருந்தாள்.

"என்ன மேடம், இன்னும் அந்த நத்தை விவகாரமா?"

"ஆமாங்க. கையெழுத்து சரியா இருக்கு. சாவி சரியா இருக்கு. அவர் மட்டும் செல்லாதுங்கறார்."

"தேதி போட்டியா?"

"என்னது?"

"கையெழுத்து போட்டா பக்கத்துல தேதி போடணும்ல? எங்க டிப்போல தேதி இல்லாம கையெழுத்து போட்டா திருப்பிக் குடுத்துடுவாங்க."

"தேதி, மணி எல்லாம் சர்வரே போட்டுடும்..." என்று தொடங்கியவள் வாக்கியத்தை முடிக்கவில்லை. 'எதிர்காலத்துலேர்ந்து பேசறீங்களா, அக்கா?' என்று பல்லி கேட்டது நினைவுக்கு வந்தது.

தலையை மெதுவாக உயர்த்திச் சுவரைப் பார்த்தாள். அங்கே புதிதாக ஒரு கடிகாரம் இருந்தது. முட்கள் இல்லாத, வெள்ளை எழுத்துகள் ஒளிரும் கடிகாரம். வாங்கி ஒரு மாதம் இருக்கும். அதுவும் பத்து நிமிடம் முந்தித்தான் ஓடியது.

"என்னங்க, இந்தக் கடிகாரத்துல மணியை மாத்த பட்டனே கிடையாதே. இதை எப்படி முன்தள்ளினீங்க?"

அவர் முகம் மலர்ந்தது. யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று ஒரு மாதமாகக் காத்திருந்தவர் போல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அதான் விஷயமே! இது ஒயர்லெஸ் கடிகாரம். தானா ரவுட்டர்கிட்ட மணி கேட்டுக்குமாம். கையால திருப்ப முடியாது. விடுவேனா? ரவுட்டரோட பெட்டிலயே பாஸ்வேர்டு ஒட்டியிருந்துச்சு. போனை எடுத்து உள்ள போனேன், 'தேதியும் நேரமும்'னு ஒரு பக்கம். அங்கேயே பத்து நிமிஷம் தள்ளி வெச்சுட்டேன். நீ ஆபீஸ்ல இருந்தே. நீயா கண்டுபிடிச்சு அசந்து போவேன்னு சொல்லாம இருந்தேன்."

"அசந்துட்டேங்க," என்றாள் அவள். "உக்காந்த இடத்துல அசந்துட்டேன்."

"ஏன், தப்பா? எல்லாக் கடிகாரத்தையும்தானே வெச்சேன். அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

அவள் ஓடிப்போய்ச் செருப்பு அலமாரிக்கு முன் நின்றாள். அந்தச் சின்னக் கணினிக்குள் சொந்தமாக நல்ல கடிகாரம் கிடையாது. அதுவும் மணி கேட்பது ரவுட்டரிடம்தான். ரவுட்டர் பத்து நிமிடம் முந்திச் சொன்னால், அலமாரியும் பத்து நிமிடம் முந்தித்தான் வாழும். அவளுடைய போனும் மடிக்கணினியும் வெளியிலிருந்து சரியான மணியை வாங்கிக்கொண்டதால் அவள் கண்ணில் எதுவும் படவில்லை. கிண்டலை எழுதிய அன்று மத்தியானம்தான் இந்தக் கடிகாரம் சுவரேறியிருக்கிறது. அந்தக் கிண்டல் அவரைப் போய்ச் சேரவே இல்லை. சேராத கிண்டலுக்குத்தான் இவ்வளவு நாளாகச் சேராத மன்னிப்புகள்.

கூடு ஏன் மறுத்தது என்பதும் விளங்கிவிட்டது. கையெழுத்துக்குள் மணியும் இருக்கும். வழியில் யாராவது ஒரு பழைய கடிதத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு அதையே திரும்பத் திரும்ப நீட்டி ஏமாற்றக் கூடாது அல்லவா? அதனால் வாங்குகிற வீடு மணியையும் பார்க்கும். எவ்வளவு வித்தியாசம் வரை பொறுப்பது என்பது அந்தந்த வீட்டின் குணம். பல்லியின் வீடு பல மணி நேரம் பொறுக்கும். இவளுடைய அலமாரியும் அப்படித்தான், அதனால்தான் நத்தையின் கடிதங்கள் தடையில்லாமல் உள்ளே வந்தன. நத்தையின் நிரல் ஐந்து நிமிடத்துக்கு மேல் பொறுக்காது. சொல்லப்போனால், இந்த ஊர் முழுவதிலும் தன் வேலையை ஒழுங்காகச் செய்த ஒரே நிரல் அதுதான்.

நத்தை கூட்டை மூடுவதற்குள் சொல்லியாக வேண்டும். அலமாரியின் மணியைக் கையால் சரியாகத் திருப்பினாள். லாகைப் பார்த்தாள்.

செல்லும். செல்லும். செல்லும்.

போகாமல் திரும்பிய கடிதங்களை சர்வர் உடனே தூக்கிப் போட்டுவிடாது. கொஞ்ச நாள் விட்டு விட்டுத் தட்டிப் பார்க்கும், ஒவ்வொரு முறையும் புதிதாகக் கையெழுத்திட்டுக்கொண்டு. பழையவை அலுத்துப்போய் உதிர்ந்திருந்தன. கடைசி இரண்டு நாளின் கடிதங்கள் மட்டும் இன்னும் வரிசையில் நின்றிருந்தன. கதவு திறந்ததும் அவை முண்டியடித்துக்கொண்டு உள்ளே ஓடின. நத்தையின் திரையில் அவை வந்து விழுந்த வரிசை இது: 'நத்தையாரே, கடைசியா ஒரு தடவை மன்னிச்சுக்குங்க.' 'சரி, இனிமே உங்ககூட நான் பேசறதா இல்லை.' 'இன்னிக்குப் பூனை ரொம்ப அழகு.'

கொஞ்ச நேரத்தில் அவரிடமிருந்து பதில் வந்தது.

'காற்புள்ளி அவர்களே! பேசறதா இல்லைன்னு சொல்லிட்டு அடுத்த மூச்சுல பூனையைக் கொஞ்சறது எந்த ஊர் நியாயம்? அதோட, எதுக்கு மன்னிப்பு?'

அவள் எல்லாவற்றையும் எழுதினாள்: கடிகாரம், ரவுட்டர், பேருந்து, பத்து நிமிடம். 'உங்க நிரல்ல ஒரு குத்தமும் இல்லை. எங்க வீட்டுக்காரர் எனக்காகக் கடிகாரத்தைத் தள்ளி வெச்சதுல, உங்க வாசல்ல நான் எதிர்காலத்துலேர்ந்து வந்த திருடி மாதிரி நின்னுருக்கேன். நீங்க விரட்டினது சரிதான். கூட்டை மூடினா நான் நிஜமாவே கோவிச்சுப்பேன்.'

கூடு மெதுவாகத்தான் ஓடும். பதில் வருவதற்குள் அரை டம்ளர் டீ தீர்ந்தது.

'இன்னிக்கு என் சொதப்பல்,' என்று எழுதினார் நத்தை. 'கையெழுத்து தப்பா இருக்க ஏழு காரணம் இருக்கலாம். ஏழுக்கும் ஒரே பதிலை எழுதி வெச்சேன்: செல்லாது. மணி தப்புன்னு ஒரு வார்த்தை சேர்த்திருந்தா ஒரு மாசம் மிச்சம். இப்பவே சேர்க்கறேன். கூட்டை மூடலை. நிரலை மூடிட்டு யாராவது திருத்துவாங்களா? அது சரி, அந்தக் கிண்டல் என்ன? அதைச் சொல்லுங்க முதல்ல.'

அவள் மறுபடி எழுதினாள். அவர் அதை அப்படியே எடுத்துத் தன் பெயருக்குக் கீழே அறிமுக வரியாகப் போட்டுக்கொண்டார்: கூட்டை முதுகில் சுமந்துகொண்டே கூட்டைத் தேடின முதல் நத்தை. பல்லி வந்து 'ச்ச்ச்' என்றாள். பேசாமல் போயிருந்த இரண்டு நண்பர்களும் வந்தார்கள். ஒருவர் 'சுவர்க் கடிகாரத்தைக் கழட்டிட வேண்டியதுதானே' என்று அறிவுரை சொல்லிவிட்டு, அபராதத்துக்குப் பூனை தேடித் தெருவில் இறங்கினார்.

பேச்சு சூடு பிடித்திருந்த நேரத்தில் நத்தை கேட்டார்: 'ஹலோ? காற்புள்ளி? மறுபடி காணாமப் போயிட்டீங்களா?'

லாகில் மீண்டும் செல்லாது, செல்லாது. ஆனால் இந்த முறை காரணமும் கூடவே வந்தது. நத்தை அதற்குள் அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்துவிட்டிருந்தார்: மணி தப்பு. கையால் திருப்பியது நிற்கவில்லை. அலமாரி வழக்கம்போல் ரவுட்டரிடம் மணி கேட்டுத் தன்னை மறுபடி பத்து நிமிடம் 'திருத்தி'க்கொண்டிருந்தது.

வாசலில் கணவர் காலணி மாட்டிக்கொண்டிருந்தார். "ரவுட்டரைத் தொட்டுடாதே," என்றார் பாதி கெஞ்சலாக. "அதைத் தொட்டா சுவர்க் கடிகாரமும் போயிடும். நீ திங்கட்கிழமை ஆபீஸ் போய்ச் சேர மாட்டே."

"தொடலைங்க. நீங்க கிளம்புங்க, நாப்பது பேர் காத்துக்கிட்டு இருப்பாங்க."

"இன்னும் பத்து நிமிஷம் இருக்கு," என்று கண்ணடித்துவிட்டு அவர் போனார்.

அவள் அலமாரியின் அமைப்புக் கோப்பைத் திறந்தாள். மணியை எங்கே கேட்பது என்று சொல்லும் வரியிலிருந்து ரவுட்டரை எடுத்தாள். அந்த இடத்தில், எல்லோருக்கும் சரியான நேரம் சொல்வதற்கென்றே வெளியில் இயங்கும் பொது நேர சர்வர்கள் நான்கின் முகவரிகளை எழுதினாள். சேமித்தாள், நேரச் சேவையை நிறுத்தித் திரும்பத் தொடங்கினாள், ஒரு வரி அனுப்பினாள். செல்லும் என்று வந்தது. ரவுட்டரும் சுவர்க் கடிகாரமும் பத்து நிமிடம் முந்தியே ஓடுகின்றன. அலமாரி மட்டும் மணியை நேரடியாக வெளியே கேட்டுக்கொள்கிறது.